இணை உணவு: திருவனந்தபுரம்

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாமல், அதனுடன் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கும் உணவு இணை உணவு. திருவனந்தபுரத்து இந்துக் குடும்பங்கள் பலவற்றில் இது ‘சோறூண்’ சடங்கோடு தொடங்குகிறது. கோட்டை, கரமனை அக்ரகாரத் தமிழர்கள் அதையே அன்னப்பிராசனம் என்பார்கள். நல்ல நாள் பார்த்து, குழந்தையைப் பெரியவர் ஒருவர் மடியில் இருத்தி, வாழையிலையில் பரிமாறிய சோற்றில் ஒரு துளி எடுத்து நாவில் வைப்பார்கள். ஆற்றுக்கால் பகவதி கோயிலில் இது ஒரு வழிபாடாகவே நடக்கிறது. குருவாயூர் வரை சென்று நடத்துவோரும் உண்டு.

இச்சடங்குக்கு மனு நூல் சொல்லும் காலம் ஆறாம் மாதம். நான்கு மாதம் முதலே உணவு தொடங்கலாம் என்று பல ஆண்டுகள் சொல்லிவந்த மருத்துவ உலகம், 2001-இல் உலக சுகாதார மாநாட்டுத் தீர்மானம் வழியாக ஆறு மாதத்துக்கு வந்து சேர்ந்தது. குழந்தை உணவு விளம்பரங்களைத் தடை செய்யும் 1992-ஆம் ஆண்டு இந்தியச் சட்டமும் 2003-இல் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. ஆனால் நாள் குறிப்பதில் ஒரு வேறுபாடு இருக்கிறது. சோதிடர் சொல்லும் ஆறாம் மாதம் பலமுறை ஐந்து மாதம் முடிந்து ஆறாவது நடக்கும் காலம். மருத்துவர் சொல்வது ஆறும் முடிந்த பிறகு. பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதம் பார்க்கும் வீடுகளில் முகூர்த்தம் இன்னும் முன்னால் வந்துவிடலாம். அப்படி அமைந்தால் சடங்கை அன்று முடித்துவிட்டு, உணவைக் குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும்வரை தள்ளிவைப்பதே சரி.

ஆறு மாதம் என்ற கணக்கின் அடிப்படை உடலில் இருக்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தை சேர்த்துவைத்த இரும்புச்சத்து ஏறக்குறைய அதுவரைதான் தாங்கும். கழுத்து நின்று, பிடித்து உட்காரவைத்தால் உட்கார்ந்து, வாய்க்குள் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் விழுங்கும் பக்குவமும் அந்தச் சமயத்தில் வருகிறது. தாய்ப்பால் மட்டும் போதாத நிலையில் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்கு நாளுக்குச் சுமார் 200 கலோரியும், ஒன்பது முதல் பதினொரு மாதத்தில் சுமார் 300 கலோரியும் உணவிலிருந்து கிடைக்க வேண்டும். முதலில் நாளுக்கு இரண்டு மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் இரண்டு மூன்று கரண்டி; ஒன்பது மாதத்துக்குப் பின் மூன்று நான்கு வேளை.

சோறூண் முடிந்த மறுநாள் முதல் இந்நகரத்து அடுப்பில் கிண்டப்படுவது ‘குறுக்கு’. குன்னன் என்ற வாழை இனத்தின் காயைத் தோல் சீவி, வட்டமாக நறுக்கி, வெயிலில் உலர்த்தி, பொடித்துச் சலித்து வைத்துக்கொள்வார்கள். தண்ணீரோ பாலோ சேர்த்து, கருப்பட்டியோ கற்கண்டோ போட்டு, கட்டி தட்டாமல் கிண்டினால் குறுக்கு. கூவைக்கிழங்கு மாவிலும், ஊறவைத்து அரைத்துப் பிழிந்த கேழ்வரகுப் பாலிலும் இதைச் செய்வதுண்டு. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த கன்னியாகுமரி மாவட்டத்தில், புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைப்பழத்தைக் குழந்தைக்கு மசித்துக் கொடுப்பார்கள்.

குன்னன் பொடி வயிற்றுக்கு இதமானது, வீட்டிலேயே செய்யக்கூடியது. குறை அதைக் கரைக்கும் விதத்தில் இருக்கிறது. தாய்ப்பாலில் 100 மில்லிக்கு 65 முதல் 70 கலோரி வரை உண்டு. பத்து கிராம் வாழைக்காய்ப் பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் காய்ச்சினால் 100 மில்லிக்கு இருபது கலோரிகூடத் தேறாது. ஏழு கிலோ குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்குக் கொள்வது ஏறக்குறைய 200 மில்லி. அதை இந்தத் தண்ணீர்க் கஞ்சி நிரப்பிவிட்டால் தாய்ப்பாலுக்கு இடமிருக்காது. வயிறு நிறையும்; எடை ஏறாது. குறுக்கு, கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்கும் கெட்டியில் இருக்க வேண்டும், ஒரு சொட்டு தேங்காய் எண்ணெயோ நெய்யோ சேர வேண்டும். கூவை மாவோ ஏறக்குறைய வெறும் மாவுச்சத்துதான். அதை மட்டும் மாதக்கணக்கில் கொடுப்பது தவறு. கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து உண்டு. முளைகட்டிப் பொடித்தால் அதிலுள்ள இரும்பும் சற்று நன்றாக உடலில் சேரும்.

கேரளத்தின் சிசு மரணம் 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் ஆயிரம் பிறப்புக்கு 6 மட்டுமே. இந்தியாவின் பெரிய மாநிலங்களில் அதுவே மிகக் குறைவு. அதே மாநிலத்தில், 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 23.4 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். முந்தைய ஆய்வில் இது 19.7. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ளோரில் 39.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. குழந்தைகளைச் சாகவிடாமல் காத்த சமூகம் அவர்களை வளர்த்தெடுப்பதில் பின்தங்கியிருக்கிறது. இதற்குக் காரணங்கள் பல. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்பது அவற்றில் முதன்மையானது.

இத்தனைக்கும் விழிஞ்ஞம், பூந்துறை கரைகளில் தினமும் மீன் இறங்குகிறது. முள் நீக்கி வேகவைத்து மசித்த சாளையும் நெத்தோலியும் ஆறு மாதத்திலிருந்தே கொடுக்கத்தக்கவை. நன்கு வெந்த முட்டையும் அப்படியே. ‘ஒரு வயது ஆகட்டும்’ என்று தள்ளிப்போடும் வழக்கத்துக்கு மருத்துவ ஆதாரமில்லை. தள்ளிப்போட்டால் ஒவ்வாமை குறையும் என்ற பழைய நம்பிக்கையை 2015-இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்று தலைகீழாக்கியது. ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளில், சிறுவயதிலேயே நிலக்கடலை உணவு கொடுக்கப்பட்டவர்களுக்குக் கடலை ஒவ்வாமை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தது. கடலையை முழுதாகக் கொடுக்கக்கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும். நைசாக அரைத்துக் கலக்க வேண்டும். கடும் கரப்பான் உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது.

அரசு தரும் இணை உணவு ‘அமிர்தம் ந்யூட்ரிமிக்ஸ்’. குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் தயாரிக்க, அங்கன்வாடிகள் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்காக வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மாவு. காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு உருவானது. நூறு கிராமில் கோதுமை 45, சர்க்கரை 20, கடலைப்பருப்பு 15, சோயா 10, நிலக்கடலை 10. தானியமும் பருப்பும் கடலையும் சேர்ந்த இந்தக் கலவை குன்னன் பொடியைவிடப் பலமடங்கு மேலானது. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரை ஏற்கத்தக்கதல்ல. நாவுக்கு இனிப்பு பழகிய குழந்தை கீரையையும் மீனையும் துப்பும். சேர்த்த சர்க்கரை மிகுந்த உணவு வேண்டாம் என்பதே 2023-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல். இந்த மாவில் மேலும் கருப்பட்டி சேர்ப்பது தேவையற்றது.

கைவிட வேண்டிய பழக்கங்களும் உண்டு. பிறந்த சில நாளிலேயே பொன்னையும் வயம்பையும், அதாவது வசம்பையும், தாய்ப்பாலில் இழைத்து நாவில் தடவுவது அவற்றில் ஒன்று. ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். கைப்பேசியைக் காட்டி வாயைத் திறக்கவைப்பதும் தவறு. பசியையும் நிறைவையும் குழந்தை தானே உணர்ந்து காட்ட இடம் கொடுக்க வேண்டும்.

2017-இன் திருத்தச் சட்டம் கொண்டுவந்த 26 வார மகப்பேறு விடுப்பு, பிரசவத்தோடு தொடங்கினால், இணை உணவு தொடங்கும் வாரத்தில்தான் முடிகிறது. தலைமைச் செயலகத்துக்கோ டெக்னோபார்க்குக்கோ தாய் திரும்பிய பிறகு ஊட்டுவது பாட்டிதான். எனவே 1952 முதல் இயங்கும் எஸ்.ஏ.டி. மருத்துவமனையானாலும் பக்கத்துச் சுகாதார நிலையமானாலும், தடுப்பூசிக்குப் போகும்போது பாட்டியையும் அழைத்துச் செல்லுங்கள். 2018-இல் தொடங்கிய இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின் கீழ், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச்சத்து மருந்து இலவசமாகத் தரப்படுகிறது. உங்கள் பகுதி ஆஷா பணியாளரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.