‘புதிய உறுப்பு’ செய்திகளின் பழைய கதை

அனாட்டமி படிக்கும் மாணவர்களுக்குச் சில கல்லூரிகளில் ஒரு சின்ன வேலை கொடுப்பார்கள். அண்மையில் வந்த அறிவியல் செய்தி ஒன்றை எடுத்து, வகுப்பில் படித்த பாடத்தோடு பொருத்தி, ஒன்றிரண்டு பக்கம் எழுதித் தரணும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் இந்தப் பாடத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெசாலியஸின் உடற்கூறு நூல் அச்சான 1543-இலிருந்து கணக்கு வைத்தாலே, மனித உடலை அறுத்துப் பார்த்துப் படம் போடுவது ஐந்நூறு வருஷத்தை நெருங்குகிறது. இன்னும் அதற்குள்ளே புதுசா என்ன இருக்கப் போகிறது?

இருந்தும் சில வருஷத்துக்கு ஒருமுறை ‘மனித உடலில் புதிய உறுப்பு கண்டுபிடிப்பு’ என்று செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படி வந்த மூன்று செய்திகளை எடுத்துக்கொண்டு கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

குடலைத் தாங்கும் சவ்வு

2017 ஜனவரியில் உலகம் முழுக்கச் சுற்றிய செய்தி மெசென்டரி பற்றியது. வயிற்றுக்குள் குடல் சும்மா கயிறு மாதிரி கொட்டிக் கிடக்கவில்லை. விசிறி மடிப்பு போன்ற ஒரு சவ்வு அதை வயிற்றின் பின்சுவரோடு பிடித்து வைத்திருக்கிறது. குடலுக்குப் போகும் ரத்தக்குழாய், நரம்பு, நிணநீர்க்குழாய் எல்லாம் அதன் வழியாகத்தான் போகின்றன. வீட்டில் ஆட்டுக்குடல் சுத்தம் செய்திருப்பவர்களுக்கு இது பழக்கமான பொருள்தான். குடலோடு ஒட்டிக்கொண்டு கொழுப்பும் சவ்வுமாக வருமே, அதேதான்.

அப்போ இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கு? நியாயமான கேள்வி. அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழக அறுவை மருத்துவர் கால்வின் காஃபியும் பீட்டர் ஓலியரியும் 2016 நவம்பரில் வெளியிட்ட கட்டுரை ஒரு மறுபார்வைக் கட்டுரை. அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, ‘மெசென்டரி துண்டு துண்டானது இல்லை, தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே தொடர், ஆகவே இதை ஒரு உறுப்பாகக் கருதலாம்’ என்று அவர்கள் வாதிட்டார்கள். அதாவது அவர்கள் சொன்னது ஒரு வகைப்பாடு. செய்தித் தலைப்பில் அது கண்டுபிடிப்பாக மாறிவிட்டது.

துண்டு துண்டு என்று முதலில் சொன்னது யார்? இங்கேதான் கதை சுவையாகிறது. 1885-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஃப்ரெடெரிக் ட்ரீவ்ஸ் 100 சடலங்களை அறுத்துப் பார்த்து, குடலின் அமைப்பு பற்றித் தொடர் விரிவுரைகள் நிகழ்த்தினார். பெருங்குடலின் வலப்புற ஏறு பகுதிக்கும் இடப்புற இறங்கு பகுதிக்கும் பெரும்பாலானோரிடம் மெசென்டரி கிடையாது என்பது அவர் முடிவு. ‘யானை மனிதர்’ என்று அறியப்பட்ட ஜோசப் மெரிக்கைப் பராமரித்தவர் இதே ட்ரீவ்ஸ்தான். 1902-இல் முடிசூட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு எட்வர்ட் மன்னருக்குக் குடல்வால் கட்டியை அறுத்துச் சீழ் வெளியேற்றியவரும் இவரே. அவர் சொன்னால் யார் மறுப்பார்கள்? பாடநூல்கள் நூறு வருஷத்துக்கு மேல் அதையே திருப்பிச் சொல்லின.

ஆனால் ட்ரீவ்ஸுக்குச் சில வருஷம் முன்னாடியே ஆஸ்திரிய உடற்கூறியலாளர் கார்ல் டோல்ட் சரியாகப் பார்த்திருந்தார். அந்தப் பகுதிகளிலும் மெசென்டரி இருக்கிறது; பின்சுவரோடு ஒட்டிப் படிந்துவிடுவதால் இல்லாதது மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான் என்றார். இரண்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய தளத்தைப் பிரிக்கத் தெரியாமல் வெட்டினால் சவ்வு தனியாகவே கண்ணில் படாது. அந்தத் தளத்துக்கு இன்றும் டோல்ட்டின் பெயர்தான்.

இதில் என்னை யோசிக்க வைப்பது இன்னொன்று. பெருங்குடல் அறுவை செய்பவர்கள் காலங்காலமாக ‘டோல்ட் கோடு’ வழியாகத்தான் உள்ளே நுழைந்து குடலைத் தூக்குகிறார்கள். பாடநூல் இல்லை என்று சொன்ன ஒன்று அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது. மலக்குடல் புற்றுநோயில் சுற்றியுள்ள மெசென்டரியை அதன் உறை கிழியாமல் முழுசாக எடுத்தால், அதே இடத்தில் நோய் திரும்புவது குறையும் என்று 1982-இல் பிரிட்டிஷ் மருத்துவர் பில் ஹீல்ட் எழுதினார். சவ்வு ஒரே தொடரா, துண்டுகளா என்பது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. கத்தி எந்த வழியில் போகணும் என்பதே அதில் இருக்கிறது.

மூளையின் வடிகால்

இரண்டாவது, 2015 ஜூன் செய்தி. உடல் முழுக்க நிணநீர்க்குழாய்கள் உண்டு, மூளைக்கு மட்டும் கிடையாது என்பதுதான் அதுவரை பாடம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜோனதன் கிப்னிஸின் ஆய்வகத்தைச் சேர்ந்த அந்துவான் லூவோ, சுண்டெலியின் மூளை உறையில் நிணநீர்க்குழாய்களைக் காட்டினார். ஏறத்தாழ அதே சமயத்தில் ஹெல்சின்கியில் காரி அலிதாலோவின் குழுவும் தனியாக இதையே கண்டது. பாடநூல்களை மாற்றணும் என்று செய்திகள் எழுதின.

இத்தாலியின் சியெனாவில் இருந்த பாவ்லோ மஸ்காஞி 1787-இல் நிணநீர்க்குழாய்களுக்கென்றே ஒரு பெரிய படநூல் வெளியிட்டார். குழாய்களுக்குள் பாதரசம் ஏற்றி அவற்றின் போக்கைப் பார்ப்பது அவருடைய முறை. மூளையின் மேலுறையில் நிணநீர்க்குழாய் இருப்பதாக அப்போதே எழுதியிருக்கிறார். அது நிலைக்கவில்லை. 228 வருஷம் பாடநூலுக்குள் நுழையாமல் வெளியே நின்றது.

ஏன்? அந்தக் குழாய்கள் பெரிய சிரைப்பாதைகளை ஒட்டியே ஓடுகின்றன. சாதாரணமாக உறையைப் பிய்த்தெடுத்தால் தெரியாது. லூவோ உறையை மண்டையோட்டு மூடியிலிருந்து பிரிப்பதற்கு முன்பே, இருந்த இடத்திலேயே வேதிப்பொருளால் பதப்படுத்திவிட்டு, பிறகு முழுசாக எடுத்தார். நிணநீர்க்குழாய்க்கே உரிய புரதங்களை அடையாளம் காட்டும் சாயங்களும் இப்போது கையில் இருந்தன. மஸ்காஞியிடம் கண் இருந்தது, ஆனால் மற்றவர் மறுபடி செய்து பார்க்கக்கூடிய சாட்சி இல்லை. 2017-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் எம்.ஆர்.ஐ. மூலம் மனிதரிலும் இவற்றைக் காட்டினார்கள். மூளையின் கழிவு எப்படி வெளியேறுகிறது என்கிற கேள்வியில், குறிப்பாக ஆல்ஸைமர் ஆய்வில், இது இன்று முக்கியமான இடம் பிடித்திருக்கிறது.

மூக்குக்குப் பின்னால் ஒரு சுரப்பி

மூன்றாவது செய்தி 2020-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்தது. புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஒருவகை ஸ்கேனில் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் ஒளிரும். அப்படிப் பார்த்தபோது மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேற்பகுதியில், இரண்டு பக்கமும் சுமார் 4 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஏதோ ஒளிர்ந்தது. 100 பேரின் ஸ்கேனிலும் இருந்தது. இரண்டு சடலங்களிலும் சரிபார்த்தார்கள்.

இதற்கு எதிர்ப்பும் வந்தது. அந்தப் பகுதியில் நுண்சுரப்பிகள் இருப்பது ஏற்கெனவே தெரிந்ததுதானே, அதன் தொகுப்புக்குத் தனிப்பெயர் எதற்கு என்றார்கள் சிலர். நோய் காரணமாக அந்த 100 பேரில் ஒரே ஒருவர்தான் பெண் என்பதும் கவனிக்க வேண்டியது. ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு பகுதி உண்டு. தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற 723 பேரின் தரவுகளைப் பார்த்தபோது, இந்த இடத்தில் அதிகக் கதிர்வீச்சு பட்டவர்களுக்கு வாய் வறட்சியும் விழுங்கும் சிரமமும் அதிகமாக இருந்தன. பெயர் வைத்த இடத்தைத்தான் மருத்துவர் திட்டமிட்டுக் காப்பாற்ற முடியும். பெயரில்லாத இடம் கதிர்களின் பாதையில் கிடக்கும்.

அப்போ அந்த இரண்டு பக்கத்தில் என்ன எழுதுவது?

பெரும்பாலும் செய்தியைச் சுருக்கி எழுதி, கடைசியில் ‘இது மருத்துவத்தில் புரட்சி’ என்று முடித்துவிடத் தோன்றும். என் பரிந்துரை இதுதான். ‘கண்டுபிடித்தார்கள்’ என்ற ஒரே வினையை உடைத்துப் பாருங்கள். முதலில் பார்த்தவர் யார், மற்றவர் நம்பும்படி காட்டியவர் யார், பெயர் வைத்து வகைப்படுத்தியவர் யார், அதனால் ஒரு நோயாளிக்கு என்ன மாறுகிறது? நான்கும் நான்கு வேறு கேள்விகள். மெசென்டரியில் டோல்ட் பார்த்தார், காஃபி வகைப்படுத்தினார். மூளை உறையில் மஸ்காஞி பார்த்தார், லூவோவும் அலிதாலோவின் குழுவும் காட்டினார்கள். ஆம்ஸ்டர்டாமில் பெயரே விவாதமானது, பயன் அவ்வளவாக விவாதமாகவில்லை.

இந்த நான்குக்கும் விடை தேடணும் என்றால் செய்தியோடு நிற்க முடியாது, மூலக் கட்டுரைக்குப் போகணும். அதன் முன்னுரையிலேயே பெரும்பாலும் பழைய பெயர்கள் இருக்கும். முதலில் ஒன்றைப் பாருங்கள்: அது புதிய சோதனையா, மறுபார்வையா? எத்தனை உடல், யாருடைய உடல்? பிறகு உங்கள் பாடநூலைத் திறந்து அதே பகுதிக்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். செய்தியும் பாடநூலும் ஒத்துப்போகாத அந்த ஒரு வரிதான் நீங்கள் எழுத வேண்டிய இரண்டு பக்கம்.