அசைவை அறியும் கண்

வன்னி நிலத்தில் இரவிலே வழி நடந்தோர் யாவரும் ஆட்காட்டிப் பறவையின் குரலை அறிவர். குளக்கரையிலும் வயல்வெளியிலும் வெறுந்தரையிலே முட்டையிட்டு வாழும் அப்பறவை, யாரேனும் அணுகிய மாத்திரத்தே எழுந்து வட்டமிட்டுக் கூவும். வந்தது மனிதனாயினும் நரியாயினும் யானையாயினும் அது கூவத் தவறுவதில்லை. ஆளைக் காட்டிக் கொடுப்பதனால் அதற்கு ஆட்காட்டி என்று பெயர் வந்தது. ஆயினும் அது காட்டுவது அசைவை மட்டுமே. வந்தவர் யார், நண்பரா பகைவரா என்று தெளிவது, அக்குரல் கேட்டு விழித்தெழும் மனிதனுடைய பொறுப்பாகும்.

இன்று கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் வீட்டு வாயில்களிலே பொருத்தப்படும் சிறு கமராக்கள் செய்வதும் இந்த ஆட்காட்டியின் தொழிலே. அசைவு கண்டதும் படம் பிடித்து, வீட்டுக்காரருக்கு அறிவிக்கும் இக்கருவி எவ்வாறு தோன்றியது, அது எதனை அறியும், எதனை அறியாது என்பவற்றை ஆராய்ந்தால், காவல் என்னும் பழந்தொழிலின் வரலாறு முழுவதும் நம் முன்னே விரியும்.

காவல் தமிழர்க்குப் புதிய தொழிலன்று. குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்திலே பரண் மீதிருந்து, தட்டையும் குளிரும் ஒலித்துக் கவண் எறிந்து கிளி கடிந்த மகளிரைச் சங்கப் பாடல்கள் பலவற்றிற் காண்கின்றோம். வன்னியின் சேனைப் பயிர்களுக்கும் வயல்களுக்கும் பரணே நெடுங்காலக் காவலாக இருந்தது. காணியைச் சுற்றி முள்ளுங் கிளையும் நெருக்கிய அலம்பல் வேலி. வேலிக்குள்ளே உயர்ந்த மரக்கால்களின் மேல் ஒரு பரண். கீழே அணையாத தீ. கதிர் முற்றும் காலத்திலே ஒரு பரணிலிருந்து கூவிய குரலுக்கு அடுத்த பரணிலிருந்து மறுகுரல் எழும். அக்குரல் எழாவிடின், அங்குள்ளவன் உறங்கிவிட்டான் என்று பொருள்.

காவலின் முதன்மையான காரணம் யானை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் வன்னிபங்கள் யாழ்ப்பாணத்து ஆட்சியாளருக்கு யானைகளையே திறையாகச் செலுத்தி வந்தன என்பது வரலாறு. அவ்யானைகள் கடந்த வழியை ஆனையிறவு என்னும் பெயர் இன்றும் நினைவூட்டுகின்றது. திறையாகச் சென்ற விலங்கே, உழவனுக்கோ விளைந்த பயிரை ஓரிரவில் அழிக்கும் பகையாகவும் நின்றது. அப்பகை இன்னும் ஓயவில்லை. 2019 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கை முழுவதிலும் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் மாண்டனர்.

பரண் காவலின் சிறப்பு யாது? அசைவைக் கேட்பவனும் அதன் பொருளை உணர்பவனும் அங்கே ஒருவனே. புதர் சலசலத்தால் அது காற்றோ பன்றியோ என்று அவன் காது சொல்லும். கட்டவிழ்த்து வந்த அயலவரின் பசுவுக்கு அவன் தீப்பந்தம் எறிய மாட்டான். ஆனால் அவனுக்கும் உறக்கம் வரும், நோய் வரும். ஆகவே மனிதன் தனக்குப் பதிலாக விழித்திருக்கும் பொருளொன்றைத் தேடினான்.

அத்தேட்டத்தின் கொடிய விளைவுகளுள் ஒன்று கட்டுத்துவக்கு. விலங்கு செல்லும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பியோ நூலோ கட்டி, அதன் மறுமுனையைத் துவக்கின் விசையோடு பிணைத்து, குழலைப் பன்றியின் உயரத்திற்கு நிறுத்தி வைப்பர். கம்பி இழுபட்டதும் வெடி தீரும். இதுவும் அசைவை அறியும் கருவியே. ஆயினும் அசைத்தது பன்றியா, விறகு தேடி வந்த மனிதனா என்று அறிய அதற்கு வழியில்லை. தேன் எடுக்கவும் மாடு தேடவும் காட்டுக்குச் சென்றோர் பலர் கட்டுத்துவக்கினாற் காலை இழந்தனர், உயிரிழந்தோரும் உளர். சட்டம் இதனைத் தடை செய்திருப்பதன் நியாயம் இதுவே.

இதனினுங் கொடியது, போர்க்காலம் மண்ணிலே புதைத்துச் சென்ற கண்ணிவெடி. அது காலடியை மட்டும் அறியும். போர் முடிந்ததையும் அறியாது. 2009 ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் ஓய்ந்த பின்னரும், முகமாலை போன்ற இடங்களில் ஆண்டுக்கணக்காக மண்ணை அங்குலம் அங்குலமாகச் சோதிக்க வேண்டியதாயிற்று. 2017 ஆம் ஆண்டு திசெம்பரில் இலங்கை, ஆட்கொல்லிக் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையிற் சேர்ந்தது. அசைவை அறிந்தவுடன், அறிவை நாடாது தண்டிக்கும் கருவி எத்தகைய கேட்டை விளைக்கும் என்பதை வன்னி மக்களுக்கு வேறொருவர் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அதே கம்பியின் முனையிலே துவக்கை நீக்கிக் கமராவை வைத்தவர்களும் இருந்தனர். அமெரிக்காவின் யோர்ச் சைராசு என்னும் வழக்கறிஞர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மிச்சிகன் மாநிலக் காடுகளிலே இரை வைத்து நூல் கட்டினார். மான் நூலை இழுத்ததும் ஒளி பளிச்சிடும், படம் பதியும். அவர் எடுத்த 74 படங்களை நசனல் சியோகிரபிக் இதழ் 1906 ஆம் ஆண்டு யூலையில் வெளியிட்டது. இந்தியாவிலே, ஐக்கிய மாகாணங்களின் வன அதிகாரியாயிருந்த எவ். டபிள்யூ. சாம்பியன் இம்முறையாற் புலியைப் படமெடுத்தார். அவருடைய நூல் 1927 இல் வெளிவந்தது. புலி தன் வழியே சென்றது. அதன் உருவம் மட்டும் மனிதன் கையிற் கிடைத்தது. தண்டித்தலை விடுத்துச் சாட்சியம் கூறும் கருவியாக அசைவுப் பொறி மாறிய காலம் அது.

இச்சாட்சியம் வீட்டு வாயிலுக்கு வந்தது ஒரு பெண்மணியின் அச்சத்தினால். நியூயோர்க் நகரின் குயீன்சு பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுண் என்னும் கறுப்பினத் தாதி, கணவர் இல்லாத இரவுகளிற் கதவு தட்டப்பட்டால் யாரென்று அறிய இயலாது வருந்தினார். கதவிலே நான்கு துவாரங்கள், அவற்றின் பின்னே மேலும் கீழும் நகரும் கமரா, படுக்கையறையில் அதன் காட்சி, அங்கிருந்தே கதவைத் திறக்கும் வசதி, உதவி கோரும் பொத்தான் என்று அவர் வகுத்த ஏற்பாட்டுக்கு 1966 ஆம் ஆண்டில் உரிமம் கோரினார். 1969 திசெம்பரில் அது கிடைத்தது. அவருடைய கருவி அசைவைத் தானே கண்டறியவில்லை; காண்பதும் தீர்மானிப்பதும் அம்மையாரின் கையிலேயே இருந்தன.

இணையக் கமரா பிறந்த கதையோ வேடிக்கையானது. 1991 ஆம் ஆண்டில் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தினர், கோப்பிப் பாத்திரம் வெறுமையாயிருக்கையில் மாடிப்படி ஏறி இறங்கி ஏமாறாதிருக்க, அப்பாத்திரத்தை நோக்கி ஒரு கமராவை நிறுத்தினர். நிமிடத்திற்கு மூன்று முறை மாறும் சிறிய கறுப்பு வெள்ளைப் படம் அது. 1993 இல் அது உலகளாவிய இணையத்தில் ஏறியது. 2001 ஆகத்து வரை உலகெங்கும் இருந்தோர் அதனைப் பார்த்தனர். 1994 இல் குவிக்காம் என்னும் மலிவான கமரா கணினிக்கென விற்பனைக்கு வந்தபின், அறிஞர் கூடத்தின் விளையாட்டு இல்லங்களின் பொருளாயிற்று.

இக்கமரா அசைவை அறியும் முறை எளியது. ஒரு படம் 640 புள்ளிகள் அகலமும் 480 புள்ளிகள் உயரமும் கொண்டதாயின், அதில் 3,07,200 புள்ளிகள் உள. ஒவ்வொன்றின் ஒளியளவும் ஓர் எண்ணாகக் கணினியிற் பதியும். புதிய படத்தின் எண்களிலிருந்து முந்திய படத்தின் எண்களைக் கணினி கழித்துப் பார்க்கும். எங்கும் மாற்றமில்லையேல் விடை சுழியம். ஒரு குறித்த தொகைக்கு மேற்பட்ட புள்ளிகள் மாறியிருந்தால், யாரோ அசைந்தனர் என்று கொண்டு படத்தைச் சேமித்து அறிவிப்பு அனுப்பும். அசைவுக்கு முந்திய சில நொடிகளின் படங்களையும் நினைவில் வைத்திருப்பதனால், ஆள் நுழைந்த கணமுந் தப்புவதில்லை.

எளிமையே அதன் குறையுமாகும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் முற்றத்து வாழையிலை ஒவ்வொன்றும் அதற்குக் கள்வனே. முகில் மறைத்து விலகினால் முற்றம் முழுவதும் மாறும். இரவிலே அகச்சிவப்பு விளக்கின் முன்னே பறக்கும் பூச்சியும், கண்ணாடியின் மேல் வலை பின்னும் சிலந்தியும் பேருருவாகத் தோன்றும். உடல் வெப்பத்தை உணரும் மற்றொரு வகைப் பொறி இலைக்கு ஏமாறுவதில்லை. ஆயினும் வன்னியின் நண்பகலிலே காற்றின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்குங்கால் அதுவும் தடுமாறும். அசையும் மரத்தைப் படத்திலிருந்து மறைத்துவிடுதல், வாயிலையும் படியையும் மட்டும் நோக்கி வைத்தல், உணர்வின் அளவைப் பல நாள் பார்த்துத் திருத்துதல் என்பன இதற்குப் பரிகாரம். இன்றேல் ஓரிரவில் நூறு பொய்யறிவிப்புகள் வரும். நூற்றோராவது அறிவிப்பு மெய்யாயினும் அதனைப் பார்ப்பார் இரார்.

இக்கருவி வன்னியில் இத்துணை விரும்பப்படுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. போரின் இறுதிக் காலத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் வீடுகளை விட்டு நீங்கி, இலட்சக்கணக்கில் வவுனியாவின் செட்டிகுளத்து முகாம்களில் வாழ்ந்தனர். அம்முகாம்களின் இறுதிப் பகுதி 2012 செத்தெம்பரில் மூடப்பட்டது. திரும்பியவர்களுட் பலர் கண்டது கதவும் கூரையும் அற்ற சுவர்களை. ஒரு முறை யாவற்றையும் இழந்து மீண்டும் கட்டிய வீட்டின் கதவு, விலைமதிப்பால் மட்டும் அளக்கத்தக்கதன்று.

மேலும், அவ்வீடுகள் பலவற்றிலே இன்று முதியோர் தனித்திருக்கின்றனர். மக்கள் கடல் கடந்து வாழ்கின்றனர். வன்னியில் நள்ளிரவு கடந்து இரண்டு மணியாகையில் தொரன்ரோ நகரில் முந்திய நாட் பிற்பகல். ஊர் உறங்கும் வேளையில் மகன் விழித்திருக்கிறான். பண்டு அடுத்த பரணிலிருந்து எழுந்த மறுகுரல், இன்று உலகின் மறுபுறத்திலிருந்து எழ இயலும். ஆனால் அவன் கண்டாலும் ஓடி வர இயலாது. அவன் தொலைபேசியில் அழைக்க, அயல் வீட்டிலே ஒருவர் இருத்தல் வேண்டும்.

அந்த அயலவரை இழக்கச் செய்யும் பிழையையும் இக்கருவி எளிதிற் செய்யும். வன்னியிற் கிணற்றடியே பலர்க்கும் குளிக்கும் இடம். வேலிக்கு அப்பாலுள்ள கிணற்றடி படத்தில் விழுமாறு கமராவை நிறுத்துவது காவலாகாது. அது அயலாரின் மானத்தின் மேற் செய்யும் களவு. நெடுங்காலம் பிறரின் கண்காணிப்பின் கீழ் வாழ்ந்த மக்களுக்கு இந்நோவு நன்கு தெரியும். வீட்டினுள்ளே கமரா வைப்போரும் உள்ளிருக்கும் முதியவரின் இசைவைப் பெறுதல் கடன்.

காவலனே கள்வனுக்குக் கதவு திறந்த கதையும் உண்டு. 2016 ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீய நிரல், இலட்சக்கணக்கான இணையக் கமராக்களையும் பிற கருவிகளையும் கைப்பற்றி, அக்டோபரில் உலகின் பெரிய இணையத் தளங்கள் பலவற்றை முடக்கியது. அதற்கு வாயிலாயிருந்தது, தொழிற்சாலை இட்ட கடவுச்சொல்லை உரிமையாளர் மாற்றாது விட்டமையே. பூட்டை வாங்கித் திறப்பை அதன் மேலேயே தொங்கவிட்டதை ஒக்கும் செயல் அது.

பரணிலிருந்து கமரா வரை வந்த இந்நெடுவழியிற் காவலின் கடமைகள் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. அசைவை அறிதலை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. அதிலே அது மனிதனை வென்றும்விட்டது, உறக்கமும் களைப்பும் அதற்கில்லை. அசைந்தவர் யாரென்று தெளிதலும், அதற்குத் தக்கவாறு நடத்தலும் இன்றும் மனிதன் பாலே உள்ளன. நள்ளிரவில் அறிவிப்பு ஒலிக்கையில், படலையடியில் நிற்பவன் கள்வனாயும் இருக்கலாம். நோயாளிக்கு வண்டி தேடி வந்த அயலவனாயும் இருக்கலாம். ஆட்காட்டி கூவிவிட்டுப் பறந்து போகும். விளக்கேற்றி வெளியே வந்து, யாரது என்று கேட்க ஒருவர் வேண்டும்.