நித்திரையும் மூதேவியும்

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய எமது தீவுகளில் மக்கள் தூக்கத்தை நித்திரை என்றே வழங்குவர். விடிந்த பின்னும் நித்திரை கொள்பவனை 'மூதேவி பிடித்தவன்' என்று ஏசுவதும் அவர்தம் வழக்கே. தெய்வமொன்றின் பெயர் மனிதனின் உறக்கத்துக்கு வசையாக வந்து சேர்ந்தது எவ்வாறு? இதனை ஆராயப் புகுமுன் கிரேக்கரின் கற்பனையைச் சிறிது நோக்குவோம்.

கிரேக்கர் உறக்கத்தை ஹிப்னொஸ் என்னும் ஆண் தெய்வமாகக் கண்டனர். இரவு அவனுடைய தாய். மரணம் அவனுடைய உடன்பிறப்பு. மரணம் இரும்பு நெஞ்சினன் என்றும், உறக்கமோ மானிடரிடம் இன்முகத்தோடு உலாவுபவன் என்றும் ஹெசியட் பாடினார். ஹோமரின் இலியட்டிலே, ஹேராவின் வேண்டுகோளுக்கு இணங்கி, வானோர் வேந்தனாகிய சியூஸையே ஹிப்னொஸ் துயிலச் செய்கிறான். அடிமைகளின் உழைப்பில் வாழ்ந்த சமுதாயம் அது. எனினும், உறக்கத்தின் முன் வேந்தனுக்கும் விலக்கில்லை என்பதை அதன் கவிஞர் உணர்ந்திருந்தனர்.

எம்மவர் மரபிலும் உறக்கம் போற்றப்பட்டதுண்டு. திருமாலின் கண்களில் உறைந்த யோகநித்திரையைப் பிரமன் துதிக்க, அவள் விலகிய பின்னரே திருமால் விழித்து மது கைடபருடன் பொருதார் எனத் தேவி மாகாத்மியம் கூறும். மூதேவியும் ஒருகாலத்தில் வணங்கப்பட்டவளே. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் சேட்டை என்னும் பெயருடைய அவளது சிற்பம் உண்டு. அவளிடம் செல்வத்தை எதிர்நோக்கி நின்றோரைத் தொண்டரடிப்பொடியாழ்வார் தமது திருமாலையில் இடித்துரைக்கிறார். கண்டிக்குமளவுக்கு அவ்வழிபாடு மக்களிடையே நிலவியது என்பது இதனாற் பெறப்படும்.

வள்ளுவர் இவளை முகடி என்று குறித்து, சோம்பலில் உறைபவளாகக் காட்டினார். அவர் கடிந்தது முயற்சியின்மையை. உழைத்துக் களைத்தவனின் துயிலையன்று. இவ்வேறுபாட்டை மறந்த சமுதாயம் உறக்கத்தை ஆளுக்கேற்ப அளந்தது. பாம்பணையிற் கிடப்பவனின் துயில் யோகமாயிற்று; செல்வனின் துயில் ஓய்வாயிற்று; கூலியாளின் துயில் மட்டும் மூதேவியாயிற்று. பிறருடைய உழைப்பில் வாழ்பவனுக்கு அவர்கள் உறங்கும் ஒவ்வொரு நாழிகையும் நட்டமாகவே தோன்றும்.

இதற்கு மறுமொழி உழைப்பாளரிடமிருந்தே எழுந்தது. 1886 மே மாதத்தில் சிக்காகோத் தொழிலாளர் எட்டுமணி நேர வேலைக்காகக் கிளர்ந்தபோது, உறங்குவதற்கான இரவையும் சேர்த்தே கேட்டனர். 1919இல் சர்வதேசத் தொழில் தாபனத்தின் முதலாவது சமவாயம் கைத்தொழில்களில் எட்டுமணி நேர வேலைநாளை விதித்தது. 1948இல் மனித உரிமைகள் பிரகடனத்தின் 24ஆம் உறுப்புரை ஓய்வை யாவர்க்கும் உரிய உரிமையாக்கிற்று.

எமது தீவுகளிலோ வள்ளமேறும் சிறுவனுக்கு இன்றும் அவ்வுரிமை எட்டவில்லை. எம்மிடம் பயிலும் மாணவனொருவன் ஒருநாள் முதற் பாடத்திலேயே கண்ணயர்ந்தான். அவ்வசைச்சொல் எமது நாவிலும் எழுந்தது. "இராமுழுக்கத் தகப்பனோட நண்டு வலைக்குப் போனவன், ஐயா" என்றான் அயலில் இருந்தவன். எழுந்த சொல்லை விழுங்கிக்கொண்டோம். மணி அடிக்கும்வரை அவனை எழுப்பவில்லை.

உறங்கும் பிள்ளையை ஏசுமுன், அவனுடைய இரவு எங்கே போயிற்று என வினவுதல் ஆசிரியராகிய எமது முதற் கடனாகும்.