வேப்பிலையும் வர்த்தமானியும்



நிலாவெளியில் எங்கள் ஆச்சிமாரின் காலத்தில் ஒரு வீட்டுப் படலையிலே வேப்பிலைக் கொத்துச் செருகியிருந்தால் அயலவர் எவரும் அந்த வீட்டுக்குள் கால் வைக்கமாட்டார்கள். உள்ளே ஒரு பிள்ளைக்கு அம்மாள் வருத்தம் என்பது பொருள். கறி தாளிக்கமாட்டார்கள்; வெளியார் கண்படாமல் பிள்ளையை வேப்பிலைப் படுக்கையில் வளர்த்துவார்கள்; மூன்று தண்ணீர் வார்த்த பின்னர்தான் வெளியே விடுவார்கள். பொலிசும் இல்லை, தண்டமும் இல்லை. பெற்ற தாயே தன் கையால் அந்தக் கொத்தைச் செருகினாள். 

2020ஆம் ஆண்டிலே அதே படலைகளில் வேறோர் 'இலை' ஏறியது. அது வெள்ளைக் கடதாசி. இது தனிமைப்படுத்தப்பட்ட வீடு, எவரும் உட்செல்லலாகாது என்று அறிவிக்கும் கடதாசி. வேப்பிலை சொன்னதையே அதுவும் சொன்னது. ஆனால், முன்னையதைத் தாய் செருகினாள். பின்னையதைக் கண்டு தாய் நடுங்கினாள். ஒரே விதி ஒரு காலத்தில் காப்பாகவும் மற்றொரு காலத்தில் வடுவாகவும் தோன்றியதேன்? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இன்று சற்று வரலாற்றின் பக்கம் போகப் போகின்றேன்.

போவதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. கல்லூரியிலே மாணவர்க்கு முகக்கவசத்தையும் கைகழுவுதலையும் ஓயாது போதித்த நான், அந்தக் காய்ச்சலை இரண்டு நாள் ஒளித்தேன். சன்னலைச் சாத்தினேன். பிள்ளை இருமினால் வானொலியின் ஒலியைக் கூட்டினேன். கடதாசி ஒட்டிவிடுவார்கள், பிள்ளையைத் தனியே எங்கோ ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். படித்த எனக்கே அந்தப் பயமென்றால் மற்றவர்களைக் குறை சொல்வது எப்படி?

நோய்க்கு அஞ்சி விலக்கி வைப்பது மிகப் பழைய வழக்கம். ஏதிரியாற்றிக் கடற்கரையிலுள்ள ரகுசா நகரம், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வந்தவர்களை முப்பது நாள் ஒதுக்கி வைக்க 1377இல் சட்டம் செய்தது. பின்னர் வெனிஸ் நகரத்தார் அதை நாற்பது நாளாக்கினர். அந்த 'நாற்பது' என்ற இத்தாலியச் சொல்லே உலகெங்கும் தொற்றுத் தடைகாப்புக்குப் பெயராயிற்று. நம்மிடமும் பிள்ளைப்பேற்றுத் துடக்கு முப்பத்தொரு நாள் உண்டல்லவா? அதை வெறும் தீட்டென்று தள்ளிவிடுகிறோம். ஆனால், பச்சிளம் குழந்தையை ஊர்க் கூட்டத்தின் மூச்சிலிருந்து ஒரு மாதம் விலக்கி வைத்த ஏற்பாடும் அதற்குள் இருந்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இலங்கையில் இன்றும் நடைமுறையிலிருக்கும் தொற்றுத் தடைகாப்பு, நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1897ஆம் ஆண்டின் மூன்றாம் இலக்கச் சட்டமாகும். அது பிறந்த வேளையைக் கவனிக்க வேண்டும். 1896இல் பம்பாயிலே பிளேக் நோய் தோன்றியது. அந்த அச்சத்திலேதான் இந்தியாவில் ஒரு தொற்றுநோய்ச் சட்டமும் இங்கே இந்தக் கட்டளைச் சட்டமும் ஒரே ஆண்டில் பிறந்தன. பூனா நகரிலே பிளேக் தடுப்புக்குப் பொறுப்பாயிருந்த ராண்ட் என்ற அதிகாரி, நோயாளரைத் தேடிப் படைவீரர்களை வீடுவீடாக அனுப்பினார். பூசையறை வரை அவர்கள் புகுந்தார்கள் என்று மக்கள் கொதித்தார்கள். நோயாளரை ஒளித்தார்கள். 1897 யூன் 22ஆம் திகதி இரவு, விக்ரோறியா மகாராணியின் வைரவிழாக் கொண்டாட்டம் முடிந்து திரும்புகையில் ராண்ட் சுடப்பட்டார். சுட்ட சாபேகர் சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். ராண்ட் செய்ய முனைந்தது உயிர் காக்கும் வேலைதான். ஆயினும் வைத்தியத்துக்குப் பதில் துவக்கு முன்னே சென்றது.

அதே பம்பாயில் அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன் நடந்ததைப் பாருங்கள். யென்னர் கண்டுபிடித்த அம்மைப்பால், வியன்னா, கொன்ஸ்தாந்திநோபிள், பக்தாத், பஸ்ரா என்று ஊர் ஊராய்க் கடந்து, 1802 யூன் 14இல் பம்பாயிலே அன்னா டஸ்தோல் என்ற மூன்று வயதுச் சிறுமியின் கையிலே முதன்முதலாகப் பலித்தது. குளிரூட்டும் பெட்டி இல்லாத காலம். ஒரு பிள்ளையின் கையிலே எழுந்த கொப்புளத்திலிருந்து நீரெடுத்து மறு பிள்ளையின் கையிலே குத்துவார்கள். எட்டாம் நாள் அங்கிருந்து இன்னொரு கைக்குப் போகும். அவ்வாண்டிலேயே அது இலங்கையையும் எட்டியது. குழந்தைகளின் கைகளே அந்த மருந்தைக் கொண்டுபோன பாத்திரங்கள்! அம்மைநோய்த் தடுப்பின் வரலாற்றை எழுதுவோர் வைத்தியர்களின் பெயரை எழுதுகிறார்கள். அழுதுகொண்டே கையை நீட்டிய அந்தப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. இலங்கையில் 1886இல் அம்மைப்பால் குத்துதலுக்கென ஒரு கட்டளைச் சட்டமே வந்தது. 1980இல் பெரியம்மை உலகை விட்டு ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

அடுத்து மலேரியா. எங்கள் வரண்ட வலயத்துக்கு அது புதிதல்ல. குளமும் காடும் சூழ்ந்த ஊர்களில் மண்ணீரல் வீங்கி, வயிறு முன்தள்ளிய பிள்ளைகளை முந்திய தலைமுறையினர் சாதாரணமாகக் கண்டனர். ஆனால், 1934இல் மழை பொய்த்து, ஈரவலய ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கியபோது நுளம்பு அங்கே பெருகியது. அந்த நோயை அறியாத உடல்கள் சாய்ந்தன. கேகாலையும் குருநாகலும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1935இல் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஒரு வயதைக் காணவில்லை. இந்த எண்ணை வாசித்துவிட்டுக் கடந்துபோக வேண்டாம். நால்வர் பிறந்தால் ஒருவர் போனார் என்பதே அதன் பொருள்.

அந்த வேளையில் கொயினா மருந்தோடும் பருப்போடும் அரிசியோடும் கிராமங்களுக்குப் போனவர்களை மக்கள் மறக்கவில்லை. எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலிய சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் அவ்வாறு போனவர்களே. பட்டினி கிடக்கும் பிள்ளைக்கு மருந்து மட்டும் போதாது என்பதை அவர்கள் கண்டார்கள். நோய்த் தடுப்பு விதி சோற்றுப் பானையைத் தாண்டிப் போக முடியாது என்ற பாடம் அப்போது எழுதப்பட்டது. பின்னர் 1946 முதல் டி.டி.ரி. தெளிப்பு வந்தது, 1963இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே காணப்பட்டனர். அலட்சியம் செய்ததும் அறுபதுகளின் பிற்கூற்றிலே அது மீண்டும் பெருகியது. 2016 செப்ரெம்பரில்தான் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்றிதழ் பெற்றது.

இந்த வெற்றிக்கு அடித்தளமிட்டது 1926இல் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பகுதி முறை என்பேன். சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருத்துவமாது ஆகியோர் ஒரு குறித்த பிரதேசத்துக்குப் பொறுப்பாயினர். ஆஸ்பத்திரிக்கு நோயாளி வரும் வரை காத்திராமல், நோய் வருமுன்னரே வீட்டுக்குப் போவது அவர்கள் தொழில். நாங்கள் 'மிஸ்ஸி' என்றழைக்கும் மருத்துவமாது, வயிற்றிலிருக்கும்போதே பிள்ளையின் கணக்கை எழுதத் தொடங்குகிறாள். அவளுக்கு எந்தப் படலையும் அடைத்திருப்பதில்லை.

போர்க்காலத்தில் இதன் பெறுமதியைக் கண்ணாற் கண்டோம். 1962இல் இளம்பிள்ளைவாதம் நாட்டிலே 1,810 பேரைத் தாக்கியிருந்தது. சொட்டு மருந்து அதை மெல்ல மெல்ல அடக்கியது. 1993இற்குப் பின் புதிய நோயாளர் இல்லை. 1995 முதல் தேசிய தடுப்பு மருந்து நாட்கள் நடத்தப்பட்டபோது, யுனிசெப் முதலிய அமைப்புகளின் முயற்சியால், பிள்ளைகளின் நாவிலே இரண்டு சொட்டு விழுவதற்காகப் போர் செய்த இரு தரப்பும் துவக்கைத் தாழ்த்தின. பாடசாலை மாணவியாக வரிசையில் நின்ற குழந்தைகளுக்குப் பெயர் பதிந்த அந்தக் காலை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. எதற்கும் உடன்படாதவர்கள் அதற்கு உடன்பட்டார்கள்.

அப்படித்தான் 2004 மார்கழியில் கடல் எங்கள் ஊரை வாரிக்கொண்டு போன பின்னரும். கிணறெல்லாம் உப்பும் சேறும். கூடாரத்துக்குள் குழந்தைகள் நெருங்கிக் கிடந்தார்கள். வாந்திபேதி வரும், கொள்ளைநோய் வரும் என்று உலகம் எதிர்பார்த்தது. வரவில்லை. பரிசோதகர்கள் கிணறுகளை இறைப்பித்துக் குளோரின் இட்டார்கள், கொதித்தாறிய நீரையே குடிக்க வேண்டும் என்றார்கள், தாய்மார் கேட்டார்கள். தண்டப் பணத்துக்குப் பயந்தல்ல. அந்த மனிதர்களும் தங்கள் வீட்டை இழந்து அதே கூடாரத்துக்குள் நின்றுகொண்டு சொன்னபடியால்.

இனி 2020க்கு வருவோம். மார்ச் 13 முதல் பாடசாலைகள் மூடப்பட்டன; 20ஆம் திகதி ஊரடங்கு வந்தது. 1897ஆம் ஆண்டுச் சட்டம் தூசு தட்டி எடுக்கப்பட்டது. ஒக்ரோபரில் வந்த வர்த்தமானி முகக்கவசத்தையும் இடைவெளியையும் கட்டாயமாக்கியது. மீறினால் பத்தாயிரம் ரூபா வரை தண்டம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. இவை வேண்டாத விதிகள் அல்ல. இரவு பகல் அலைந்து, தங்கள் பிள்ளைகளை அணைக்கவும் அஞ்சித் திண்ணையிலே படுத்த பரிசோதகர்களை நான் அறிவேன். அவர்களுக்கு நாடு கடன்பட்டிருக்கிறது.

ஆனால், அதே சட்டத்தின் கீழ் 2020 ஏப்ரல் 11இல் வந்த இன்னொரு வர்த்தமானி, தொற்றினால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டும் என்றது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே சொல்லியிருந்தது. விஞ்ஞானம் கேளாத விதி அது. அவ்வாண்டு டிசெம்பரில், கொழும்பிலே, பிறந்து இருபதே நாளான ஒரு முஸ்லிம் குழந்தை பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியிலே மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் என்னோடு படித்தவர்கள் இருக்கிறார்கள். அந்த நாட்களில் அவர்களோடு தொலைபேசியில் பேசும்போது என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. எரிப்பது எங்கள் வழக்கம். ஆகவே அந்த விதி எங்களைச் சுடவில்லை. சுடாத விதியைப் பற்றி நாங்கள் அதிகம் பேசவுமில்லை. அந்த மௌனமும் வரலாற்றில் எழுதப்பட வேண்டியதே. 2021 பெப்ரவரி இறுதியில் அந்த விதி திருத்தப்பட்டது. மார்ச்சில் ஓட்டமாவடியிலே அடக்கம் தொடங்கியது. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. அந்த வர்த்தமானி ஓர் உயிரையேனும் காக்கவில்லை. காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று பல தாய்மாரை யோசிக்க வைத்ததுதான் அது செய்த வேலை.

யோசித்தவர்களில் நானும் ஒருத்தியல்லவா? மூன்றாம் நாள் காலை எங்கள் மிஸ்ஸி வேலிக்கு அப்பால் வந்து நின்றாள். என் மகளுக்குப் பிறந்த நாள் முதல் ஊசி போட்டவள்.

"என்னட்ட ஒளிக்க வேணாம் டீச்சர். பிள்ளைக்கு எத்தினை நாளாக் காய்ச்சல்?" என்றாள்.

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. உள்ளே வந்து பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தாள். கை குளிர்ந்திருந்தது, காய்ச்சல் விட்டுவிட்டதென்று நான் மகிழ்ந்திருந்தேன். "இதுதான் டீச்சர் பயம்" என்று சொல்லி உடனே ஓட்டோவுக்கு ஆளனுப்பினாள். பெருந்தொற்று அல்ல, டெங்கு. காய்ச்சல் விடும் வேளையிலேதான் டெங்கு ஆளைக் கொல்லும் என்பதை 2017இல் கிண்ணியா எங்களுக்குக் கற்பித்திருந்தது. அவ்வாண்டு நாட்டிலே 1,86,101 பேருக்கு டெங்கு. தெரிந்திருந்தும் பயம் என் கண்ணை மறைத்தது. இன்னும் ஓரிரவு நான் ஒளித்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு மனம் இருந்திராது.

திருக்குறளில் மருந்து என்ற அதிகாரத்தின் இறுதிக் குறளை வகுப்பிலே ஆண்டுதோறும் படிப்பிக்கிறேன். நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்திருந்து பணிவிடை செய்பவர் என்று மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக்களை வள்ளுவர் வகுக்கிறார். அந்த நான்கிலே அரசாணைக்கு இடமில்லையே என்று ஒரு மாணவன் கேட்டான். முன்பென்றால் எனக்கு விடை தெரிந்திராது. இப்போது சொன்னேன்: ஆணைக்கும் இடம் உண்டு, தம்பி. அது நான்காமவரின் உருவிலே வரவேண்டும். கடதாசியோடு வருகின்றவர் அரிசியோடும் மருந்தோடும் வந்தால், "எத்தினை நாளாக் காய்ச்சல்?" என்று கேட்கும் உரிமையைப் பல ஆண்டுப் பழக்கத்தால் சம்பாதித்திருந்தால், தாய் தானே படலையில் வேப்பிலையைச் செருகிக்கொள்வாள்.

கொள்ளைநோய்கள் இனியும் வரும். விதிகளும் வரும். அப்போது எந்தத் தாயும் வானொலியைக் கூட்டிப் பிள்ளையின் இருமலை மறைக்கும் நிலை வரக்கூடாது என்பதே என் வேண்டுதல்.