வளைந்த முதுகும் இரு கொள்ளைநோய்களும்

1940களின் இறுதியில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பணியேற்ற எலும்பு மருத்துவர் பால் ஹாரிங்டனிடம் இளம்பிள்ளைவாதம் தாக்கிய சிறுவர்கள் வந்தவண்ணம் இருந்தனர். தசைகள் செயலிழந்ததால் அவர்களது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து நுரையீரலை நெருக்கியது. உடம்பைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டு நிமிர்த்துவதே அன்றைய வழக்கம். மூச்சுத் தசைகளும் தளர்ந்துபோன பிள்ளைக்கு அந்தக் கட்டே மூச்சை முட்டச் செய்துவிடும். ஆகவே முதுகை உள்ளிருந்தே தாங்க ஹாரிங்டன் வழி தேடினார். முதலில் திருகாணிகளை முயன்றார், பலன் நீடிக்கவில்லை. பிறகு துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் கொக்கிகளும். கம்பிகள் முறிந்தன, கொக்கிகள் நழுவின. முதுகெலும்பின் கணுக்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்தாலொழியக் கம்பி நிலைக்காது என்பது இத்தோல்விகளால்தான் புலப்பட்டது. 1962இல் அவர் தம் முறையை விரிவாக வெளியிட்டபோது, 1955இல் வந்த சால்க் தடுப்பூசியால் அந்நோய் அமெரிக்காவில் பெரிதும் ஒடுங்கிவிட்டிருந்தது. காரணம் தெரியாமல் முதுகு வளையும் பதின்பருவத்தினருக்கே, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கே, கம்பி பின்னாளில் மிகுதியும் பயன்பட்டது.

ஒரு கொள்ளைநோய் வளர்த்த சிகிச்சையை இன்னொன்று நிறுத்தியது. இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச் 17 அன்று அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை, அவசரமற்ற அறுவைகளை ஏப்ரல் 15க்குள் நிறுத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒத்திவைக்கும்படி மருத்துவமனைகளைப் பணித்தது. 30,000 படுக்கைகளேனும் தேவைப்பட்டன. மயக்க மருத்துவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றனர். அறுவை அரங்குகள் சில நோயாளிகளின் கூடங்களாயின. இம்முடிவை நாம் குறைகூற இயலாது. அறுவையை ஒட்டிக் கொரோனா தொற்றிய 1,128 பேரை 24 நாடுகளில் ஆராய்ந்தபோது, 30 நாட்களுக்குள் 23.8 விழுக்காட்டினர் இறந்திருந்தனர்.

நம்மை உறுத்துவது 'அவசரமற்றது' என்னும் சொல். தண்டுவடத்தின் அடியிலுள்ள நரம்புக்கற்றை நசுங்கிச் சிறுநீர் அடைபட்டவருக்கு அன்றும் கதவு திறந்தது. சில மணிநேரத் தாமதமும் ஆயுட்கால ஊனமாகலாம் என்பதை எல்லோரும் அறிவர். முதுகு வளைந்த சிறுமிக்கு அத்தகைய கெடு இல்லை. அவளுக்கு அறுவைக்குப்பின் தேவைப்படக்கூடிய தீவிர சிகிச்சைப் படுக்கையும் அன்று அரிது. எனவே காத்திருந்தாள். எல்லாத் துறைகளையும் சேர்த்து, சிகிச்சைக்காக ஓராண்டுக்கு மேல் காத்திருந்தோர் இங்கிலாந்தில் 2020 பிப்ரவரியில் சுமார் 1,600 பேர். 2021 மார்ச்சில் 4,36,000க்கும் மேல்.

வளரும் பருவத்தில் உயரம் கூடக்கூட வளைவும் கூடக்கூடும். பன்னிரண்டு வயதில் கழிந்த ஓராண்டும் நாற்பதில் கழிந்த ஓராண்டும் பட்டியலில் ஒன்றாகவே பதிவாகின்றன. முறை வந்து அவள் அரங்கினுள் செல்லும்போது வளைவு முற்றியிருந்தால், கூடுதல் கணுக்களை இணைக்க வேண்டிவரும். அறுவை நீளும், குருதியிழப்பும் மிகும்.