சுத்தம் சோறு போட்டது, மட்டி காமாலை கொடுத்தது

"எங்க காலத்துல வாய்க்கால் தண்ணியைக் குடிச்சோம், ஒண்ணும் ஆகலை. உங்களுக்குத்தான் எதைத் தின்னாலும் ஆஸ்பத்திரி."

இந்த டயலாக்கை வீட்டுல கேக்காத பதிவர் யாரும் இருக்க மாட்டீங்க. ஒரே ஒரு வியாதி விஷயத்துல மட்டும் பெருசுங்க சொல்றதுல பாதி உண்மை இருக்கு. அது ஹெபடைடிஸ் ஏ. தண்ணி, சாப்பாடு வழியா வர்ற மஞ்சள் காமாலை. அந்தப் பாதி உண்மையை உலகத்துக்கே காட்டின ஊர் ஷாங்காய். வருஷம் 1988.

அந்தக் குளிர்காலத்துல ஷாங்காய் சந்தைகள்ல 'மாவ்ஹான்'ங்கற ஒரு வகை மட்டி வந்து குவிஞ்சுது. பக்கத்து ஜியாங்சு மாகாணக் கடலோரத்துல அள்ளினது. ஊர்க்காரங்க இதை நல்லா வேக வைக்க மாட்டாங்க. கொதிக்கிற தண்ணியை மேல ஊத்தி, ஓடு லேசா வாயைத் திறந்ததும் அப்படியே முழுங்கிடுவாங்க. அதுலதான் ருசியாம். மட்டியோ தண்ணியை வடிகட்டியே வாழற ஜீவன். கடல்ல கலந்த சாக்கடையிலிருந்து வைரஸ் அதுக்குள்ள சேர்ந்துகிட்டே வந்திருக்கு. மேல ஊத்தின வெந்நீர் அதைக் கொல்லப் போதலை.

ஜனவரியில ஆரம்பிச்சு மார்ச்சுக்குள்ள ஏறக்குறைய 3 லட்சம் பேருக்குக் காமாலை! உச்சத்துல ஒரே நாள்ல 10 ஆயிரம் பேருக்கும் மேல. ஆஸ்பத்திரியில இடம் இல்லாம தொழிற்சாலை, பள்ளிக்கூடம்னு கிடைச்ச இடத்துல எல்லாம் கட்டில் போட்டாங்க. சில பத்துப் பேர் இறந்தும் போனாங்க.

இப்ப மேட்டருக்கு வருவோம். படுத்தவங்கள்ல பெரும்பாலானவங்க 20லேர்ந்து 39 வயசுக்காரங்க. நாற்பதைத் தாண்டினவங்க அதே ஊர்ல இருந்தும் பெரும்பாலும் தப்பிச்சுட்டாங்க. எப்படி?

இந்த வைரஸோட குணம் அப்படி. ஆறு வயசுக்குள்ள வந்தா பெரும்பாலும் காமாலையே தெரியாது, சாதாரணக் காய்ச்சல் மாதிரி போயிடும். அப்புறம் ஆயுசுக்கும் எதிர்ப்பு சக்தி. பெரியவங்களுக்கு முதல் தடவையா வந்தா பாதிக்கு மேல காமாலைதான், சிலருக்குக் கல்லீரலே செயலிழக்கும். ஷாங்காய்ப் பெருசுங்க அழுக்குத் தண்ணி காலத்துல, சின்ன வயசிலேயே, தெரியாமலே 'தடுப்பூசி' போட்டுக்கிட்டவங்க. அடுத்த தலைமுறை கொஞ்சம் வசதியா, கொஞ்சம் சுத்தமா வளர்ந்துச்சு. அவங்க உடம்பு இந்த வைரஸைப் பார்த்ததே இல்லை.

ஊர் முழுக்க அழுக்குன்னா எல்லாருக்கும் குழந்தையிலேயே வந்து போயிடும், கொள்ளை நோயா வெடிக்காது. ஊர் முழுக்க சுத்தம்னா வைரஸ் வர வழியே ரொம்பக் குறைவு. வம்பெல்லாம் நடுவுல இருக்கிற ஊருக்குத்தான். வீட்டுக் குழாய் சுத்தமாயிடும், ஆனா சாக்கடை இன்னும் கடல்ல, ஆத்துல கலந்துகிட்டு இருக்கும்.

சீனா பாடம் படிச்சுது. 1992ல சொந்தத் தடுப்பூசிக்கு அனுமதி கொடுத்தாங்க, 2008ல குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்துலயே சேர்த்துட்டாங்க. ஆனா கதை ஷாங்காயோட முடியலை. 2019ல தென்கொரியாவுல உப்புல ஊறவச்ச மட்டியால 17 ஆயிரம் பேருக்கு மேல படுத்தாங்க. அதிகமா அடிபட்டது 30, 40 வயசுக்காரங்க. 2024ல நம்ம பக்கத்து வீடு கேரளா. மலப்புறம், எர்ணாகுளம் மாவட்டங்கள்ல பரவி, உயிர்ப்பலியும் ஆச்சு. சுகாதாரத்துல நாம உதாரணம் காட்டற மாநிலம்!

அப்போ அழுக்கே நல்லதா? இல்லவே இல்லை. பெருசுங்க சொல்லாத மீதிப் பாதி இதுதான். அதே வாய்க்கால் தண்ணி காலராவையும் டைஃபாய்டையும் வயித்துப்போக்கையும் சேர்த்தேதான் கொடுத்துச்சு. "ஒண்ணும் ஆகலை"ன்னு கதை சொல்ல பிழைச்சவங்கதான் இருக்காங்க. ஆனவங்க ஃபோட்டோவா கூட மாட்டலை, அஞ்சு வயசுக்குள்ள போன குழந்தைக்கு அந்தக் காலத்துல ஏது ஃபோட்டோ?

அதனால பின்னாடி போக வேண்டாம். சீக்கிரமா முன்னாடி போகணும். சாக்கடையைச் சுத்திகரிக்கணும். அதுவரைக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு இருக்கிறது கேன் தண்ணி குடிச்சு வளர்ந்த நம்ம செட்டுதான். எதிர்ப்பு சக்தி இருக்கான்னு பார்க்க ரத்தப் பரிசோதனை இருக்கு, இல்லைன்னா பெரியவங்களும் போட்டுக்கற தடுப்பூசி இருக்கு. டாக்டரைக் கேளுங்க.

பி.கு: அடுத்த தடவை தாத்தா வாய்க்கால் கதை ஆரம்பிச்சா, "உங்க கூடப் பிறந்தவங்க மொத்தம் எத்தனை பேர்?"னு மெதுவா கேட்டுப் பாருங்க. என்ன சொன்னார்னு பின்னூட்டத்துல போடுங்க.