கோட்டின் அகலம்

பெரியபாளையத்துக்கு வடகிழக்கே, கும்மிடிப்பூண்டி ஆலைகளில் உருளும் இரும்பும் நுண்படிகங்களின் திரளே. அத்தகைய துகள்களைக் காணாமலே அளக்கும் வழியை 1918-இல் பால் ஷெரர் வகுத்தார். கூழ்மத் தங்கத்தின்மீது எக்ஸ் கதிரைச் செலுத்தி, பதிந்த கோடுகளின் அகலத்தைக் கணக்கிட்டார். கோடு அகன்றால் படிகம் சிறிது, ஒடுங்கினால் பெரிது. அணுத்தளங்கள் பலவாக அடுக்கி நின்றால்தான், கோணம் சற்றுப் பிசகிய அலைகள் ஒன்றையொன்று முற்றும் அழிக்கும். அடுக்குக் குறைந்தால் அழிவும் அரைகுறையே; அசை பிரித்துப் பழகிய அன்பர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமையேற்ற ஜி. என். இராமச்சந்திரன் இப்படிகவியலை நம் மண்ணில் வேரூன்றச் செய்தார். 1987-இல் அக்கலைக்குப் புதுவேலை வந்தது. இட்ரியம், பேரியம், செம்பு கலந்த ஆக்சைடு ஏறத்தாழ 93 கெல்வினில் மின்தடையை இழந்தது. குளிர்விக்கத் திரவ நைட்ரசனே போதும். ஆனால் மணிக்கு மணி தாவுகையில் மின்னோட்டம் தளர்ந்தது. எனவே மணியின் அளவு முதற்கேள்வியாயிற்று.

அவசரக்காரர் வழுக்குமிடம் இதுவே. ஷெரர் வாய்பாடு ஏறத்தாழ 100 நானோமீட்டர் வரையே நம்பத்தக்கது. சூளையில் சுட்ட மீக்கடத்தியின் மணிகளோ பெரும்பாலும் மைக்ரோமீட்டர் கணக்கின. மேலும் கருவியும் கோட்டை அகற்றும். படிகத்துள் உறைந்த திரிபும் அகற்றும். அத்திரிபைப் பிரித்தறிய வில்லியம்சனும் ஹாலும் 1953-இல் வழி கண்டனர்: சிறுமையால் வரும் அகலமும் திரிபால் வரும் அகலமும் கோணம் ஏற ஏற வெவ்வேறு வகையில் வளர்கின்றன.